தமிழ் நின்றுபோன இடம்

தலையைத் திறந்து வைத்துக்கொண்டே பேசினாயாமே, எப்படி இருந்தது என்று கேட்காதவர்கள் எங்கள் கட்டடத்தில் பாக்கி இல்லை. லிஃப்டில் கேட்கிறார்கள். மீன் கடை வரிசையில் கேட்கிறார்கள். பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமில் டிபன் டப்பாவைத் திறந்தபடியே கேட்கிறார்கள். முதல் பத்துப் பேருக்குப் பொறுமையாகச் சொன்னேன். பதினோராவது ஆளிடம் எரிந்து விழுந்துவிட்டேன். அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம்.

என் பெயர் வசந்தா. தூத்துக்குடிக்காரி. கல்யாணமாகிக் கல்கத்தா வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. கணவர் சங்கரன் துறைமுக அலுவலகத்தில் அதிகாரி. மகள் நந்தினி கல்லூரியில் படிக்கிறாள். வீடு டாக்குரியாவில். நான் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சர். குரல் கொஞ்சம் பெரியது, பொறுமை கொஞ்சம் சிறியது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

ஆரம்பித்தது லேக் மார்க்கெட்டில். நம்மூர்ச் சாமான் விற்கும் கடையில் உளுந்து கேட்கப் போனேன். எதிரே மூட்டையில் உளுந்து இருக்கிறது. அது என்னவென்று தெரிகிறது, எதற்கு என்று தெரிகிறது, வாயில் மட்டும் வரவில்லை. வேறு எந்த வார்த்தையும் வரவில்லை. ஒரு நிமிஷம் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். கடைக்காரர் நான் கோபத்தில் இருப்பதாக நினைத்து அவராகவே இரண்டு கிலோ கட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் வகுப்பில், கையில் சாக்பீஸோடு, அதே மாதிரி. பிள்ளைகள் நான் தண்டனையாக மௌனம் காக்கிறேன் என்று நினைத்து வரிசையாக எழுந்து நின்றார்கள்.

முதல் டாக்டர் டென்ஷன் என்றார். இரண்டாவது டாக்டர் இந்த வயதில் பெண்களுக்கு இப்படித்தான் என்றார். மூன்றாவது டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். வாய்வுக்கும் உளுந்துக்கும் சம்பந்தம் இருக்கலாம், உளுந்து என்ற சொல்லுக்குமா? மூன்று மாதம் மாத்திரை விழுங்கிய பிறகுதான் ஒருவருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. மூளையின் இடது பக்கம், முன்புறத்தில், எலுமிச்சம்பழ அளவில் கட்டி. அந்த நிமிஷம் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. மூன்று மாதமாகத் தலைக்குள் இருந்திருக்கிறது, இவர்கள் வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சர்ஜன் நிதானமானவர். மெதுவாக வளரும் வகை, முடிந்தவரை எடுத்துவிட்டால் பல வருஷம் தள்ளிப் போடலாம், ஆனால் இருக்கும் இடம்தான் வில்லங்கம் என்றார். பேச்சை நடத்தும் பகுதியை ஒட்டி உட்கார்ந்திருக்கிறதாம். முழு மயக்கத்தில் அறுத்தால் எங்கே கட்டி முடிகிறது, எங்கே பேச்சு தொடங்குகிறது என்று தெரியாது. அதனால் நடுவில் எழுப்பி, பேசச் சொல்லி, பேச்சு நிற்கும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டு மற்றதை எடுப்பார்களாம். வலிக்காதா என்று சங்கரன் கேட்டார். மூளைக்கு வலி தெரியாது, மேலே இருக்கும் தோலுக்கும் சவ்வுக்கும்தான் வலி, அதை மரக்கச் செய்துவிடுவோம் என்றார். என்னமோ பல் பிடுங்குவது போலச் சொன்னார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண்ணிடம் அனுப்பினார்கள். படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், நாம் பெயர் சொல்ல வேண்டும். அதையே அறுவை மேஜையிலும் காட்டுவார்களாம். என்ன பாஷையில் பேசுவீர்கள் என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் சங்கரன், "பெங்காலியும் இங்கிலீஷும் போதும். இவள் பெங்காலிகளைவிட நல்லா பெங்காலி பேசுவாள்" என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் தாளில் எழுதிக்கொண்டாள்.

இதை மற்றவர்களுக்குப் புரிய வைப்பது கஷ்டம். மாற்றலாகி வந்து இங்கேயே தங்கிவிட்ட எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பழக்கம். வந்த புதிதில் மதராஸி என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற கூச்சம். ரேஷன் ஆபீஸ், பள்ளிக்கூட அட்மிஷன், பூஜை கமிட்டி, எங்கே போனாலும் யாருக்கும் சிரமம் கொடுக்காமல் பெங்காலி போதும் என்று சொல்லிவிடுவோம். தமிழ் என்பது செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்த பிறகு பேசுவது. எனவே நானும் திருத்தவில்லை. சங்கரனை மட்டும் குற்றம் சொல்லிப் பயன் இல்லை, இரண்டு வாரம் பெங்காலியிலும் இங்கிலீஷிலும் ஆனை, சாவி, மெழுகுவத்தி என்று ஒப்பித்துக்கொண்டிருந்தவள் நான்தான்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் அட்மிட் ஆனேன். காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்கள், படுக்கை கிடைத்தது மாலை மூன்று மணிக்கு. அதுவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே சத்தமில்லாமல் ஓடும் டிவி. ஆறு பேர் வந்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். சுகர் உண்டா, அலர்ஜி உண்டா, பல் ஆடுகிறதா. ஆறு பேரும் போகும்போது டென்ஷன் ஆகாதீர்கள் என்றார்கள். அதைச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு டென்ஷன் ஏறியது.

நகைகளையும் விலையுயர்ந்த பொருள்களையும் வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். சங்கரன் சட்டத்தை எழுத்து பிசகாமல் கடைப்பிடிக்கிறவர். தோடு, வளையலோடு என் மூக்குக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். புது ஃபிரேம், விலை அதிகம் என்று அவருக்கு ஞாபகம். நாளைக்குத் தலையைத் திறந்து படம் காட்டப் போகிறார்கள், கண்ணாடி இல்லாமல் எனக்கு ஆனையும் பூனையும் ஒன்றுதான். போனில் பிடி பிடியென்று பிடித்தேன். "ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? எனக்குத்தானே ஆபரேஷன், உங்களுக்கா?" என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஐந்து நிமிஷம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் ஒரு பெண் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

அவர்தான் சுதேஷ்ணா, மயக்க மருந்து டாக்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருப்பார், ஒல்லி. நான் முடிக்கும் வரை காத்திருந்திருக்கிறார். பல் ஆடுகிறதா என்று கேட்கவில்லை. இப்போது பேசியது என்ன பாஷை என்று பெங்காலியில் கேட்டார். தமிழ் என்றேன். தாளைப் புரட்டினார். இதில் தமிழே இல்லையே என்றார். வீட்டில் பேசுவதுதான், அது பரவாயில்லை என்றேன். அவர் தாளை மூடிவிட்டு, "நான் பார்த்த இந்த அஞ்சு நிமிஷத்துல நீங்க ஒரு தடவைகூட யோசிக்கல. என்கிட்டப் பேசும்போது யோசிக்கிறீங்க" என்றார்.

பிறகு படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று மொழிகள் தெரிந்தால் அவை மூளையில் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருந்தாலும், சில சமயம் ஒரு மொழிக்கு மட்டும் தனியாக ஒரு ஓரம் இருக்குமாம். சோதிக்காத மொழியைக் காப்பாற்ற முடியாது. பெங்காலியில் மட்டும் கேட்டுவிட்டு அறுத்தால், நல்ல பெங்காலியோடு வெளியே வருவீர்கள், தமிழுக்கு நான் உத்தரவாதம் இல்லை என்றார். இரண்டு வாரமாக எத்தனை பேர் வந்து போனார்கள், இதை ஒருவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் மேலேயே அப்படி ஒரு எரிச்சல் வந்தது.

ஆபரேஷனை மூன்று நாள் தள்ளிப் போட்டார்கள். சங்கரனுக்கு லீவு வீணாகிவிட்ட வருத்தம். பட்டினி கிடந்த எனக்குச் சாப்பாடு கொண்டுவர யாருக்கும் நினைவில்லை என்ற வருத்தம் எனக்கு. தியேட்டருக்குள் வெளியாளை விடமாட்டார்களாம், அட்டை காட்டத் தமிழ் தெரிந்த ஊழியர் வேண்டும். நந்தினி நான் வருகிறேன் என்றாள், முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் இரண்டு மாடி மேலே, ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கும் சிஸ்டர் பிந்து கிடைத்தார். பாலக்காட்டுக்காரர். அம்மா தமிழ், அப்பா மலையாளம். தன் டியூட்டி முடிந்த பிறகு வந்து என்னோடு அட்டைகளைப் பார்த்தார். குட்டைப் புடலங்காய் மாதிரி இருக்கும் பொட்டோல் காயின் படத்துக்குத் தமிழில் என்ன என்று கேட்டார். இருபத்தாறு வருஷமாகப் பொட்டோல் கூட்டு வைக்கிறேன், பொட்டோல் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. அந்த அட்டையை எடுத்து ஓரம் வைத்தார்.

அதற்கு அடுத்த நாள் சர்ஜன் எங்கள் மூவரையும் உட்கார வைத்துக் கேட்டார். ஒருவேளை கட்டிக்குள் ஓர் இடத்தில் தமிழ்ப் பேச்சு மட்டும் தடைப்பட்டு, மற்ற இரண்டும் ஓடினால் என்ன செய்யட்டும்? எடுத்தால் கட்டி முழுசாகப் போகும், தமிழ் போகலாம். விட்டால் தமிழ் இருக்கும், ஒரு துண்டுக் கட்டியும் இருக்கும். மிச்சம் இருப்பது என்றைக்காவது வளரும். முடிவு நோயாளியுடையது.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? உயிர்தானே முக்கியம், எடுத்துரச் சொல்லு" என்றார் சங்கரன். அவரிடம் நான் என்ன பாஷையில் பேசுவேன் என்று கேட்டேன். பெங்காலியில் பேசு, நான் கேட்டுக்கொள்கிறேன் என்றார். மனுஷன் நிஜமாகவே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எனக்குப் பெரிய காரணமெல்லாம் சொல்லத் தெரியவில்லை. கணக்கு சொல்லிக் கொடுப்பது இங்கிலீஷில். மீன்காரனோடு மல்லுக்கு நிற்பது பெங்காலியில். ஆனால் வாயை மூடிக்கொண்டு எனக்குள் நான் பேசிக்கொண்டே இருக்கிறேனே, அது தமிழில். அதை எடுத்துவிட்டால் தள்ளுவண்டியில் வெளியே வருகிறவளோடு நீங்கள் குடும்பம் நடத்தலாம், என்னால் முடியாது என்றேன்.

நந்தினிக்கு நாங்கள் பேசும் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் பெங்காலியில் வரும், மூன்று வயதிலிருந்தே அப்படித்தான். அன்றும் பெங்காலியில்தான் கேட்டாள். எனக்கு அந்த இரண்டு பாஷைதான் இருக்கிறது, நான் நன்றாகத்தானே இருக்கிறேன், நான் ஆள் இல்லையா என்று.  நான் தாளை வாங்கி, அப்படி ஓர் இடம் வந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் எழுந்து வெளியே போனாள்.

தியேட்டர் விஷயத்துக்கு வருகிறேன், எல்லோருக்கும் அதுதானே வேண்டும். முதலில் அசந்து தூங்கிவிட்டேன். நரம்பு வழியாக ஏறும் மருந்து அது, தொண்டைக்குள் குழாய் விடவில்லை, மூச்சு என்னுடையதே. அந்தத் தூக்கத்தில்தான் தலையைச் சுற்றி ஊசிகள் போட்டு மரக்க வைத்து, ஆடாமல் இருக்க ஒரு கவ்வியில் தலையைப் பூட்டி, எலும்பைத் திறந்தார்கள். பிறகு மருந்தை நிறுத்திவிட்டு சுதேஷ்ணா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கண் விழித்தால் நீலத் துணிக் கூடாரம். அதற்குள் என் முகமும் அவர் முகமும் மட்டும். தலை அசையவில்லை. நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அவர் ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்து, என் கண்ணாடியையும் மாட்டிவிட்டார்.

வலித்ததா என்று கேட்பவர்களுக்கு: தலை வலிக்கவில்லை. இடுப்பு வலித்தது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூன்று மணி நேரம் அசையாதே என்றால் வலிக்காமல் என்ன செய்யும்? மூக்கு நுனியில் அரித்தது. என் மூக்கை நானே சொறிய முடியாது. சுதேஷ்ணாதான் கையுறையோடு சொறிந்துவிட்டார். இந்த இடமா, அந்த இடமா என்று அவர் கேட்டுக்கேட்டுச் சொறிய, நான் இன்னும் மேலே, இன்னும் மேலே என்று எரிச்சல்பட, துணிக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். திறந்த தலையோடு சிடுசிடுத்த நோயாளியை அவர்கள் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு தடவை வாய் ஓரம் தானாகத் துடிக்கத் தொடங்கியது. வலிப்பு வரப் பார்க்கிறது என்று சொல்லி மூளை மேல் சில்லென்ற நீரை ஊற்றினார்கள். நின்றுவிட்டது. எனக்குச் சில்லென்றும் தெரியவில்லை. பயம் மட்டும் தெரிந்தது. சுதேஷ்ணா என் கையை அன்று முழுக்க விடவில்லை.

சர்ஜன் ஒரு சின்னக் கம்பியால் மெல்லிய மின்சாரத்தை ஒவ்வொரு இடமாக வைப்பார். வைத்த இடம் ஒரு சில நொடிக்கு வேலை நிறுத்தம் செய்யும். அந்த நொடியில் அட்டை காட்டுவார்கள். முதலில் இங்கிலீஷ், பிறகு பெங்காலி, பிறகு பிந்து கூடாரத்துக்குள் தலையை நீட்டித் தமிழ். "இது ஒரு" என்று தொடங்கிப் பெயரைச் சொல்ல வேண்டும். இது ஒரு சாவி. இது ஒரு கிளி. இது ஒரு நாற்காலி. எல்லாம் ஓடியது.

ஓர் இடத்தில் பிந்து குடைப் படத்தைக் காட்டினார். "இது" என்றேன். அவ்வளவுதான். கண் முன்னால் குடை இருக்கிறது, கறுப்புக் குடை, வளைந்த பிடி. வாய் கட்டிப் போட்டது மாதிரி நின்றது. கம்பியை எடுத்தவுடன் குடை குடை என்று இரண்டு தடவை கத்தினேன். அதே இடத்தில் பெங்காலியில் கேட்டார்கள். சாத்தா என்று உடனே வந்தது. இங்கிலீஷிலும் வந்தது. மூன்று தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். மூன்று தடவையும் தமிழ் மட்டும் நின்றது. அந்த இடத்தில் எண் எழுதிய ஒரு சின்னத் தாளை வைத்தார்களாம்.

பிறகு சர்ஜன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சுதேஷ்ணா என் முகத்துக்கு அருகே குனிந்தார். அந்தத் தாளுக்குக் கீழே கட்டி இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவு இருக்கும், நீங்கள் முன்பு எழுதிக் கொடுத்தது எங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை கேட்கச் சொல்கிறார் என்றார்.

சங்கரன் முகம் ஞாபகம் வந்தது. நந்தினி எழுந்து போன முதுகும் ஞாபகம் வந்தது. எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைத்ததும் தமிழில்தான் நினைத்தேன். "தாக்" என்றேன் பெங்காலியில். இருக்கட்டும் என்று அர்த்தம். தமிழை வைத்துக்கொள்ளத் தமிழில் சொல்லிப் பயன் இல்லையே, அந்த அறையில் முடிவெடுக்கிற யாருக்கும் அது புரியாது.

வெளியே வந்த பிறகு நடந்ததுதான் கொடுமை. மூளை வீங்கி, ஐந்து நாள் தமிழே வரவில்லை. பெங்காலி தட்டுத் தடுமாறி வந்தது. சங்கரன் எது கேட்டாலும் நான் பெங்காலியில் பதில் சொன்னேன், அவரும் தன் ஓட்டைப் பெங்காலியில் பேசினார். ஒரு துண்டுக் கட்டியையும் வைத்துக்கொண்டு தமிழையும் தொலைத்துவிட்டேனோ என்று தலையணையைக் குத்தினேன். வீக்கம் வடிய வேண்டும், பொறுங்கள் என்றார்கள். பொறு பொறு என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆறாவது நாள் சங்கரன் கஞ்சியில் சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தார். "கஞ்சில யாராவது சீனி போடுவாங்களா? கூறு கெட்ட மனுஷன்" என்றேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் என்ன பாஷையில் திட்டினேன் என்று உறைத்தது.

கதிர்வீச்சு முடிந்து மூன்றாவது மாதம் ஸ்கேன். நந்தினிதான் கூட வந்தாள். வீட்டில் எனக்கு எல்லாம் செய்தாள், மாத்திரை, தையல் போட்ட இடத்துக்கு மருந்து, தலை துவட்டிவிடுவது எல்லாம். பேச்சு மட்டும் அளந்துதான். அன்று மூன்று மணி நேரம் காத்திருந்து உள்ளே போனோம். மிச்சத் துண்டு அப்படியே இருக்கிறது, வளரவில்லை, ஆனால் எப்போதும் இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார் சர்ஜன். ஸ்கேனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக ஒரு புள்ளி.

வீட்டுக்குப் போக மனசில்லை. ஆட்டோவை டாக்குரியா ஏரிப் பக்கம் நிறுத்தச் சொல்லி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். வளரவில்லை என்றுதானே சொன்னார், முகத்தை ஏன் இப்படி வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆறு மாசமா என்னைக் குற்றவாளி மாதிரி பாக்கே, கேக்கணும்னா வாயைத் திறந்து கேளு என்று சொல்லிவிட்டேன்.

அவள் திரும்பினாள்.  சொல்லைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். முழுக்கத் தமிழில்.

"நீ அதை உள்ள வெச்சிட்டு செத்துப்போனா, நான் யாருகிட்ட மா தமிழ் பேசுவேன்?"

இப்ப மட்டும் பேசிக் கிழிக்கியாக்கும் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. ஒரு எழுத்துகூடச் சிக்காமல், சுத்தமாக வந்தது. கேட்கவில்லை. அவள் அழுது முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.